புரபோசல் பேராசிரியர்

நம் பல்கலைக்கழகங்களில் 'புரபோசல் பேராசிரியர்' என்றொரு வகை உண்டு. ஆய்வு நிதி விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தின இரவு, சுற்றிக்கொண்டே இருக்கும் இணையதளத்தின் முன் அவரைப் பார்க்கலாம். மூன்றாண்டு ஆய்வைக் கட்டம் கட்டி, 27-ஆவது மாதத்தில் என்ன கண்டுபிடிப்பார் என்பதுவரை எழுதியிருப்பார். தீர்க்கதரிசனம் ஒன்றுமில்லை, பாதி வேலை போன திட்டத்துப் பணத்திலேயே முடிந்துவிட்டது. ஆய்வுப் பொருளான வேப்பிலைச் சாறு என்னவோ அதேதான். ஒரு காலத்தில் அதில் நானோ துகள் இருந்தது, பிறகு கொரோனாவுக்கு மருந்து இருந்தது, இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. பணம் வந்துவிட்டால் மூன்று கொட்டேஷன், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டல், மார்ச் 31-க்குள் செலவு, யு.சி. எனும் செலவுக் கணக்குச் சான்றிதழ் என்று அடுத்த பருவம் ஆரம்பமாகும்.

இதை அவருடைய தந்திரம் என்பது அநியாயம். போட்டி எதற்குப் பரிசு கொடுக்கிறதோ, அதில்தானே மனிதன் தேறுவான்? ஆஸ்திரேலியாவில் 2012-இல் மருத்துவ ஆய்வு நிதிக்கு 3,727 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றை எழுதவே மொத்தம் 550 ஆண்டு உழைப்பு போனதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பணம் கிடைத்ததோ ஐந்தில் ஒருவருக்கு. தேர்வாவது துல்லியமா? அமெரிக்காவில் முதல் முறையிலோ திருத்திய பிறகோ நிதி பெற்ற 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களிடையே ஒத்த கருத்தே இல்லை என்று 2018-இல் வெளியான முடிவு சொன்னது.

வரிப்பணத்தைச் சலிக்காமல் கொடுப்பதா என்று கேட்பார்கள். சலிக்கத்தான் வேண்டும். தேறாததை எந்த மதிப்பீட்டாளரும் ஒதுக்கிவிடுவார். தேறியவற்றுள் 81 மதிப்பெண்ணுக்கும் 82-க்கும் உள்ள வித்தியாசம்தான் யாருக்கும் தெரியாதது. அங்கே சீட்டுக் குலுக்கலாம். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013-இல் ஒரு வகை நிதிக்கு அப்படித்தான் செய்யத் தொடங்கியது. திறமைக்கு இழுக்கு என்றால், கோப்பு யார் மேசைக்குப் போகிறது என்பதில் இப்போதும் அதிர்ஷ்டம்தான். ஒரே வேறுபாடு, அதற்கு 'நிபுணர் குழு' என்று பெயர். நம் நாட்டில் ஆய்வுக்கு நிதி வழங்க 2023-இல் சட்டம் இயற்றி உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஒரு சிறு திட்டத்திலாவது இதைச் சோதிக்கலாம். நமக்கொன்றும் புதிதல்ல: பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, முதலில் தகுதி பார், பிறகு குடத்திலிட்ட பெயர்ச்சீட்டான குடவோலையை எடு என்கிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் பெயர் கொடுக்கவே கூடாது என்ற விதியும் அதில் உண்டு. யு.சி. பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க.