கம்பியில்லா ஒலிபெருக்கியின் மௌனம்: ஓர் ஆராய்ச்சி

அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில், காலை ஆறரை மணியளவில் பூஜையறை ஸ்பீக்கரிலிருந்து பொழியும் சுப்ரபாதம் பாதியில் திடீரென நின்றுபோக, வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகக் கண்கொண்டு நோக்கும் நிகழ்ச்சி நித்தியமாகிவிட்டபடியால், அதன் காரண காரிய சம்பந்தத்தை ஆராய்வது அவசியமாயிற்று.

பூர்வபக்ஷிகளுள் முதல்வர், குறுக்கே நிற்கும் சுவரே வைஃபையைத் தடுக்கிறதென்னும் சுவர்வாதிகள். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் விடுத்த அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று மணியடித்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. அவற்றின் வம்சத்தில் உதித்த வைஃபை அலை, கூடத்திலிருந்து பூஜையறை வரை வர மூச்சு வாங்குவானேன்? குற்றம் செங்கல்லினுடையதன்று. கேபிள்காரர் தம் கையிலிருந்த ஒயர் எங்கே தீர்ந்ததோ அங்கேயே மோடத்தை மாட்டிச் செல்ல, அதன் முன்னே வீட்டார் இரும்புப் பீரோவை நிறுத்தினார்கள். போதாக்குறைக்கு, பால் சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபை உலவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகிலேயே சஞ்சரிக்கிறது. ஒன்றோடொன்று மோதாத வழிகள் அந்த அலைவரிசையில் 1, 6, 11 என மூன்றே. குடித்தனங்களோ மாடிக்கு நான்கு.

அடுத்தவர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்னும் மகாவாக்கியத்தை ஓதுவோர். இவர்களை நகைப்பது தகாது. கரண்ட் போய் வந்தவுடன் ஸ்பீக்கர் விழித்துக்கொள்ள, மோடமோ இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்குமாதலின், முதலில் மோடத்தைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைபெற்ற பின்னரே ஸ்பீக்கரைப் போடுவதென்னும் கிரமம் பல வியாதிகளைத் தீர்க்கும். செல்பேசியும் ஸ்பீக்கரும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்க.

பீரோவை நகர்த்தி, மைக்ரோவேவை அணைத்து, மகாவாக்கியத்தையும் அனுஷ்டித்த பின்னரும் மேற்படி இல்லத்தில் பாட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நிற்கவில்லை. இந்த விதிவிலக்கே சித்தாந்தத்துக்கு வாயிலாயிற்று. அவ்வீட்டார் வைத்திருந்த பாட்டுச் செயலியின் தனிநபர் சந்தாவில் ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் பாட்டு ஒலிக்கும். சந்தாதாரராகிய புதல்வர் பெங்களூரில் ஆபீஸ் வண்டியில் ஏறியமர்ந்து, காதில் இயர்போனைச் செருகிக் கானா பாட்டொன்றைத் தட்டும் கணத்தில், அயனம்பாக்கத்தில் வேங்கடேசன் மௌனமாகிறான்.

குடும்பச் சந்தாவுக்கு மாறினால் தீர்ந்தது என்று பரிகாரம் கூறியபோது, அவ்வீட்டு அம்மையார் அதனை ஏற்க மறுத்துவிட்டார். "பாட்டு நின்னா புள்ள எழுந்து வேலைக்குக் கெளம்பிட்டான்னு அர்த்தம். போன் பண்ணா எடுக்கவா போறான்? அதைப் போய் எதுக்கு சரி பண்றீங்க?"