பெயின்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்!

கேள்வி: பழைய லேத் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பச்சைப் பெயின்ட் பளபளக்கிறது. வாங்கலாமா? (டர்னர், கணபதி, கோவை)

பதில்: பெயின்ட் அடித்தது எதை மறைக்க என்று முதலில் கேளுங்கள். கிரீஸும் தூசியும் அப்பிக்கொண்டு, நேற்று ராத்திரிவரை ஷிஃப்ட் பார்த்த மெஷின் கிடைத்தால் அதன் பக்கம் போங்கள். ஓடுகிற மெஷின் பொய் சொல்லாது. நிற்கிற மெஷினுக்காகப் புரோக்கர்தான் பேசுவார்.

கேள்வி: சரி, பெட் தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் டயல் கேஜ்கூட இல்லை. (அதே டர்னர்)

பதில்: கை இருக்கிறதல்லவா, போதும். அன்றாட வேலை நடப்பது சக் பக்கம், தேய்வதும் அங்கேதான். கேரேஜைச் சக்குக்கு அருகே கொண்டுவந்து, லேசான பிடிப்பு தெரியும் அளவுக்கு அதன் லாக்கை இறுக்குங்கள். அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டுங்கள். போகப் போக இறுகினால் சக் பக்கத்தில் பெட் பள்ளமாகியிருக்கிறது.

அடுத்து, சக்குக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்பிண்டில் பேரிங் தளர்ந்திருக்கிறது. அதற்குப் பயப்பட வேண்டாம், பேரிங்கை மாற்றிவிடலாம். பெட் போயிருந்தால்தான் சங்கடம்: கிரைண்டிங் கூலி, போகவர லாரி வாடகை, அதற்குமேல் சேடில் ஸ்கிரேப்பிங். கூட்டிப் பார்த்தால் மலிவாக வாங்கியதே மறந்துபோகும்.

கேள்வி: பார்த்த லேத்தில் அங்குல லீட் ஸ்க்ரூ. மெட்ரிக் மரை வெட்ட முடியுமா? (பாலிடெக்னிக் மாணவி, ஓசூர்)

பதில்: கூட வரும் சேஞ்ச் கியர்களைக் கொட்டி, 127 பல் உள்ளதைத் தேடம்மா. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஐந்தால் பெருக்கு, 127. அந்தச் சக்கரம் இருந்தால் மில்லிமீட்டர் மரை பிசகாமல் வரும். இல்லையென்றால் இந்தக் கணக்கை விற்பவரிடம் சொல்லு, விலை இறங்கும்.

கேள்வி: ஹெச்.எம்.டி. லேத்துக்கு ஏன் இன்னும் இத்தனை மவுசு? (பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்)

பதில்: 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியோடு கைகோத்துப் பெங்களூரில் பிறந்த ஆலை. கனத்த வார்ப்பு. புது வார்ப்பிரும்புக்குள் இறுக்கம் மிச்சமிருக்கும், அது தளரத் தளர இரும்பு மெல்ல நெளியும். ஆண்டுகள் போனால் அடங்கிவிடும். நல்ல வார்ப்பு மூப்படைவதில்லை, பதப்படுகிறது.

கேள்வி: கட்டிங் வீல், கிரைண்டிங் வீல் எல்லாம் பழைய ஸ்டாக்காகப் பாதி விலைக்குத் தருகிறார்கள். (வெல்டர், திருவெறும்பூர்)

பதில்: தொடாதீர்கள். ரெசின் வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். தயாரித்த நாளிலிருந்து மூன்றாண்டுக்கு மேல் அதற்கு ஆயுள் கிடையாது. நான்கங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுழல்கிறது. அந்த வேகத்தில் சிதறும் துண்டு, நீங்கள் மிச்சம்பிடித்த தொகையைக் கேட்டுவிட்டு வராது.

பெஞ்ச் கிரைண்டர் கல்லாக இருந்தால் விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் கல். மொத்தென்றால் விரிசல்.

கேள்வி: பழைய ஆக்சிஜன் ரெகுலேட்டர்? (அதே வெல்டர்)

பதில்: மரையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் பட்டால் எண்ணெய்க்குத் தீக்குச்சி தேவையில்லை. சிக்கனம் நல்ல குணம்தான் தம்பி, அதைச் சிலிண்டர் கிட்டே மட்டும் காட்டாதீர்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார்ட்லெஸ் டிரில் வாங்கலாமா? (எலெக்ட்ரீஷியன், தாம்பரம்)

பதில்: புது பேட்டரி என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். வாங்க மாட்டீர்கள்.

கேள்வி: அப்படியானால் வயர் வைத்த பழைய டிரில்? (அவரேதான்)

பதில்: தாராளமாக. நிழலான இடத்தில் ஓட்டி, காற்றுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். கார்பன் பிரஷ் அருகே பொடிப்பொறி தெரிந்தால் பரவாயில்லை. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே ஓடினால், அதைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: பழைய 25–50 மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்க்க முடியுமா? ஸ்லிப் கேஜ் வாங்க வசதியில்லை. (ஃபிட்டர், கிண்டி)

பதில்: நல்ல கம்பெனியின் புது 6202 பேரிங் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வெளிவிட்டம் 35 மி.மீ. குறைந்தாலும் 11 மைக்ரானுக்குள்தான் குறையும். சந்தேகம் தீர்ந்தபின் மோட்டாரில் மாட்டிவிடலாம், ஸ்லிப் கேஜில் அந்த வசதி உண்டா?

கேள்வி: மலிவாக ஒரு டிரில்லிங் மெஷின், த்ரீ ஃபேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். (மதுரை வாசகர்)

பதில்: மோட்டார் 3 எச்.பி.க்குள் இருந்தால் ஒரு வி.எஃப்.டி. போதும். ஆனால் டெர்மினல் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். ஆறு முனையும் வெளியே வந்திருந்தால்தான் ஸ்டாரை டெல்டாவாக மாற்ற முடியும். மூன்றே முனை என்றால் ரீவைண்டிங் செலவை விலையில் கழியுங்கள். கையோடு மெக்கர் வைத்து இன்சுலேஷனையும் பார்த்துவிடுங்கள், ஷாக் அடித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: கிளட்ச் மோட்டார் போட்ட பழைய பவர் தையல் மிஷின். வீட்டுக்கு ஆகுமா? (இல்லத்தரசி, திருப்பூர்)

பதில்: மிஷின் தலையை வாங்குங்கள், மோட்டாரை மாற்றுங்கள் அம்மா. நீங்கள் டீ குடிக்கப் போனாலும் கிளட்ச் மோட்டார் சும்மா சுற்றிக் கரண்டைக் குடிக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் அசையும். போகும்போது உங்கள் துணியையும் நூலையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் துணியில் எல்லா மிஷினும் நன்றாகத் தைக்கும்.

கேள்வி: டிராக்டர் பார்க்கப் போனோம். நாங்கள் போய் இறங்கும்போதே இன்ஜினை ஓட்டி ரெடியாக வைத்திருந்தார். (விவசாயி, மன்னார்குடி)

பதில்: அதை உபசாரம் என்று நினைத்தீர்களா? சூடான இன்ஜின் நோயை மறைக்கும். இன்னொரு நாள் சொல்லாமல் போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆறிய ரேடியேட்டரைத் திறந்து, தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் ஏறியிருந்தால், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வரும்வரை முழுப் பணத்தை எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: சீரியல் நம்பரை ராவியிருக்கிறார்கள், ஆனால் விலை மிகக் குறைவு! (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. திருட்டுப் பொருளை, திருட்டு என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு மூன்றாண்டுவரை சிறை வைக்கிறது. ராவிய நம்பரை விடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும்?

கேள்வி: வாங்கிய பழைய லேத்துக்கு முதல் ஆயுத பூஜை. எங்கே பொட்டு வைப்பது? (புது முதலாளி, ராணிப்பேட்டை)

பதில்: வாழ்த்துகள்! சந்தனத்தை ஹெட்ஸ்டாக் கவர் மேல் வையுங்கள், பெட் மேல் வேண்டாம். ஈரச் சந்தனம் பட்ட இடத்தில் விடிவதற்குள் துரு பூக்கும். பெட்டுக்கு 68-ஆம் நம்பர் ஸ்லைடுவே ஆயில் தடவுங்கள், அதன் நெற்றிக்கு அதுதான் திருநீறு.