வீட்டிலதானே இருக்காரு!

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். பகல் பதினொரு மணிக்கு வரும் கூரியர்காரர் அதில் பதினொரு வீட்டு அழைப்பு மணியைத் தொடுவதே இல்லை. நேரே இரண்டாம் மாடிக்கு ஏறுவார். எல்லார் பார்சலையும் ஒரே வாசலில் இறக்கி, ஒரே கையெழுத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். காஸ் சிலிண்டர் போடுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், வாட்டர் கேன் பையன், மூன்றாம் மாடி மாமிக்குப் பிடிக்காமல் போன ஆன்லைன் புடவையைத் திரும்ப எடுத்துப்போக வருகிறவர், எல்லாருக்கும் அந்த வாசல் மனப்பாடம். கேட்டால் ஒரே பதில்: "சார் வீட்டிலதானே இருக்காரு!"

சார் வேலை வெட்டி இல்லாதவர் அல்ல. வேலை அமெரிக்காவில் இருக்கிறது, சார் மண்டைவெளியில் இருக்கிறார், அவ்வளவுதான் சிக்கல்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இப்போது தெருவுக்கு ஒருவராவது இப்படித் தட்டுப்படுகிறார். அடையாளம் சுலபம். காலையில் ஆவின் பூத்தில், காதில் ஹெட்போனோடு "யெஸ், யெஸ், மேக்ஸ் சென்ஸ்" என்று யாருக்கோ தலையாட்டிக்கொண்டே, விரலால் மட்டும் "பச்சை ரெண்டு" என்று காட்டுகிறவர் இருந்தால் அவர்தான். மேலே சட்டை, கீழே லுங்கி என்ற நகைச்சுவையை நான் சொல்லப்போவதில்லை. அது 2020 ஊரடங்கிலேயே சாயம் போய்விட்டது.

வேலையின் பெயர் டெக்னிக்கல் ரைட்டர். இன்ஜினீயர்கள் ஒரு மென்பொருளையோ மெஷினையோ செய்துவிட்டுப் போவார்கள். அதை எப்படி ஓட்டுவது என்று எழுதுவது இவர். எனக்கே புரிகிற இந்த விளக்கம் அவர் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. "கம்ப்யூட்டர்ல என்னவோ எழுதறான்" என்பதுதான் அவருடைய அறிமுகம். அதைக் கேட்ட மூன்றாம் மாடி மாமி ஒருநாள் படிக்கட்டில் மடக்கினார். "நீங்க ரைட்டராமே! விகடன்ல வந்திருக்கா?"

"இன்னும் வரலை மாமி."

"வரும் வரும். முயற்சி பண்ணுங்கோ."

மாமிக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தத் தொழில் மயிலாப்பூருக்குப் புதிதே அல்ல. சாரின் தாத்தா ஸ்டெனோ. தெருக்கோடி இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஷார்ட்ஹேண்டும் முடித்து, டிரங்குப் பெட்டியோடு பம்பாய்க்கு ரயிலேறிய தலைமுறை. துரை வாயால் சொன்னதைத் தாத்தா எழுதினார். எழுதும்போதே துரைக்குத் தெரியாமல் துரையின் இலக்கணத்தையும் திருத்தினார். பேரன் செய்வதும் அதுவேதான். தாத்தாவுக்கு ரயில் வேண்டியிருந்தது, பேரனுக்கு வைஃபை போதும்.

வேலை தேடிய கதைதான் பெரிய கதை. "ரிமோட்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் வரும். கீழே இறங்கிப் படித்தால் "அமெரிக்காவில் குடியிருப்போர் மட்டும்" என்றிருக்கும். அடுத்த விளம்பரத்தில் இறங்கினால் "ரிமோட், ஆனால் வாரத்தில் மூன்று நாள் பெங்களூரு ஆபீஸ்". மற்றொன்று, லேப்டாப் அனுப்பும் கூரியர் செலவுக்கு முன்பணம் கட்டச் சொல்லும். அதற்குப் பெயர் வேலை இல்லை, வசூல். உண்மையான கம்பெனி என்றால் டெஸ்ட் வைப்பார்கள். ஒரு கம்பெனிக்கு ராப்பகலாக உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதி அனுப்பினார். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்த ஐந்து பக்கமும் அவர்கள் தளத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன. "ஒரு கமாவைக்கூட மாத்தலை சார்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி பெருமை.

எல்லாரும் கேட்பது சாம்பிள். அங்கேதான் இடித்தது. பதினைந்து வருஷம் மாங்கு மாங்கென்று எழுதியிருக்கிறார். காட்ட ஒரு பக்கம் கிடையாது. எல்லாம் கம்பெனிச் சொத்து. பாதி பாஸ்வேர்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது, மீதியை அடுத்து வந்தவர் திருத்திவிட்டார். கையேட்டில் எழுதியவர் பெயரைப் போடும் வழக்கமும் இல்லை. மிக்ஸி வாங்கினால் கூட வருகிற புத்தகத்தை எழுதியது யார் என்று நீங்கள் யோசித்ததுண்டா? நானும் இல்லை.

கடைசியில், வெறுத்துப்போய், ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் இறக்குவது எப்படி என்று எழுதி ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பினார். எட்டுப் படிகள், ஒரு குறிப்பு, ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை இது: டிகாக்‌ஷன் இறங்கவில்லையே என்று ஃபில்டரைத் தட்டாதீர்கள். தட்டினால் நீர்த்துப்போகும். அந்த அமெரிக்க மேனேஜர் படித்துவிட்டு, ஒரு பித்தளை ஃபில்டரும் வரவழைத்து, படிப்படியாகச் செய்து குடித்துவிட்டு, மறுநாளே வேலை கொடுத்தாராம். அதே பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினார். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சிக்கரி எவ்வளவுன்னு போடலையே?"

போடவில்லைதான். மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர், மனிதவளத்தில் இருவர், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சம்பளம் வர ஆரம்பித்ததும் அடுத்த கூத்து. அமெரிக்காவிலிருந்து பணம் வந்தால் அது எதற்கு வந்தது என்று வங்கிக்கு ஒரு குறியீட்டில் சொல்ல வேண்டும். கவுன்ட்டரில் இருந்தவர் கனிவாகக் கேட்டார்: "யு.எஸ்.ல யார் சார் இருக்கா? பையனா, பொண்ணா?" நாற்பத்திரண்டு வயதில் அந்தக் கேள்வி வலிக்கத்தான் செய்யும். பனகல் பார்க் பக்கத்து ஆடிட்டரோ வேறு பக்கம் இழுத்தார். அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று ஒரு பிரிவு இருந்தது. வக்கீல், டாக்டர், ஆர்க்கிடெக்ட் மாதிரி சில தொழில்காரர்கள், கணக்குப் புத்தகம் எழுதாமலே, வந்த பணத்தில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டிவிடலாம். அந்தப் பட்டியலில் இன்டீரியர் டெக்கரேஷன்கூட இருந்தது. எழுத்து இல்லை. 'டெக்னிக்கல் கன்சல்டன்சி' என்று ஒன்று இருந்தது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டெக்னிக்கல் ரைட்டர்னா... டெக்னிக்கலை கெட்டியாப் பிடிச்சுக்குவோம். ரைட்டரை விட்டுடுவோம்." விட்டுவிட்டார்கள்.

கிடைத்த வேலையைக் காப்பாற்றுவது தனி வித்தை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிய வேண்டும். ஐந்து நிமிஷம் மவுசைத் தொடாவிட்டால் மஞ்சளாகிவிடும். மஞ்சள் மயிலாப்பூரில் மங்கலம், மேனேஜர் திரையில் அமங்கலம். வெண்டைக்காய் நறுக்கும்போதும் இடது கை மவுஸ் மேலேயே இருக்கும். தினம் ஒரு மீட்டிங், பெயர் ஸ்டாண்ட்-அப். ஒருவரும் நிற்பதில்லை. அவர்களுக்குக் காலை ஒன்பது மணி, இங்கே இரவு ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், இங்கே மீட்டிங் பத்தரைக்குப் போய்விடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். அம்மாவால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை. "அவா ஊர்க் கடிகாரத்தை அவா திருப்பினா, நீ ஏன்டா இங்க கொட்டக் கொட்ட முழிச்சிண்டிருக்கே?"

காலை ஏழு மணிக்கும் சில நாள் மீட்டிங் உண்டு. அது சமையல் நேரம். மனைவி எட்டு மணிக்குக் கிண்டி ஆபீசுக்குக் கிளம்பியாக வேண்டும், குக்கரை யாருக்காகவும் நிறுத்த முடியாது. முதல் மாதம் விசில் அடித்தபோது அந்தப் பக்கம் எல்லாரும் தீ அலாரம் என்று பதறினார்கள். இப்போது மேனேஜரே எண்ணுகிறாராம். ஒருநாள் பேச்சை நடுவில் நிறுத்தி, "மூணுதான் ஆச்சு, பருப்புக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டும் சத்தமும், அறுபத்துமூவர் உற்சவத்து நாதஸ்வரமும் அவர்களுக்குப் பழகிவிட்டன.

மாதத்தில் ஒருநாள் மின்வாரியத்தின் பராமரிப்பு, காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இருக்காது. மற்றவர்கள் அறிவிப்பைப் பேப்பரில் படித்துவிட்டு மாவு அரைத்து வைப்பார்கள். இவர் பையைத் தூக்கிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஓடுவார். அங்கே ஏசி உண்டு, அமைதி உண்டு. சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் இவர் லேப்டாப்பை ஏக்கமாகப் பார்ப்பார்கள், இவர் அவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது நூலகமும் இல்லை, டவரும் இல்லை. மொட்டை மாடி மூலையில் ஒற்றைக் கோடு சிக்னல் பிடித்து அவர் அனுப்பிய ஒரே செய்தி: "உயிரோடு இருக்கிறேன். ரிலீஸ் நோட்ஸ் நாளைக்கு."

தொழிலைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் பவணந்தி முனிவரில் ஆரம்பிப்பார். நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று நன்னூல் எண்ணி வைத்ததே முதல் ஸ்டைல் கைடு என்பது அவர் கட்சி. அதில் 'கூறியது கூறல்' குற்றம். இவர் தொழிலிலோ ஒரு பத்தியை ஒருமுறை எழுதி இருபது இடத்தில் இழுத்துப் போடுவதற்கு 'ரீயூஸ்' என்று பெயர், அதற்குத் தனி மென்பொருள், அது தெரிந்தால் சம்பளமும் கூட.

2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மீட்டிங்கால் போன தூக்கம் வேறு கணக்கு. "இனிமேல் அது எழுதும், நீங்கள் சரிபாருங்கள்" என்றது கம்பெனி. அது எழுதியது. பிழையே இல்லாமல், வழவழவென்று, மென்பொருளில் இல்லவே இல்லாத ஒரு பட்டனை எப்படி அழுத்துவது என்று ஐந்து படிகளில். இவர் இன்ஜினீயரிடம் முறையிட்டார். "நல்ல ஐடியாவா இருக்கே, வெச்சுடலாமா?" என்று பதில் வந்தது. அந்த இன்ஜினீயர் தமாஷ் பண்ணினார் என்றே நானும் நினைத்தேன். ஆனால் இசைக் குறிப்புகளைத் திரையில் வாசித்துக் காட்டும் சவுண்ட்ஸ்லைஸ் என்ற தளத்தில் அப்படியே நடந்திருக்கிறது. அதில் இல்லாத வசதி ஒன்று இருப்பதாகச் சாட்ஜிபிடி எல்லாரிடமும் சொல்லிவைக்க, நம்பி ஆட்கள் வந்துகொண்டே இருக்க, 2025-இல் அவர்கள் அந்த வசதியையே செய்து கொடுத்துவிட்டார்கள். கல்யாணமே நிச்சயமாகாமல் பந்தியில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் வேறு என்ன செய்வது? அதே வருஷம் ஜனவரியில், 1953-இல் தொடங்கிய அமெரிக்க டெக்னிக்கல் எழுத்தாளர் சங்கம் திவாலாகிக் கடையைக் கட்டியது. சார் தன் பயோடேட்டாவில் அதன் உறுப்பினர் என்ற ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு, பச்சைப் புள்ளிக்குத் திரும்பினார்.

இவ்வளவு பெரிய மனிதரை வைத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பு சும்மா இருக்குமா? வீட்டில்தானே இருக்கிறார் என்று சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டோம். அப்போது எங்கள் தீராத பிரச்சினை தண்ணீர் மோட்டார். யாராவது போடுவார்கள், யாரும் நிறுத்தமாட்டார்கள், டேங்க் நிரம்பி, மொட்டை மாடியில் காயும் மாமியின் வடாமெல்லாம் மறுபடி கூழாகும். சார் களத்தில் இறங்கினார். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மோட்டார் ரூம் நோட்டீஸ் தயாரித்தார். தமிழிலும் இங்கிலீஷிலும் ஒன்பது படிகள், இரண்டு குறிப்புகள், சிவப்பில் ஓர் எச்சரிக்கை. லஸ்ஸில் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினார். உள்ளபடியே அழகான நோட்டீஸ். பவணந்தியே பாஸ் போட்டிருப்பார்.

மறுநாள் ராத்திரி, ஸ்டாண்ட்-அப் நடுவில், வாட்ச்மேன் தாத்தாவிடமிருந்து போன். "சார், மோட்டார் ஆஃப் பண்ண எந்த சுவிட்சு சார்?"

"தாத்தா, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"மோட்டார் ரூம்ல சார்."

"எதிர்ல என்ன தெரியுது?"

"நீங்க மாட்டின போர்டு சார்."

"அதுல ஆறாவது படி..."

"அதெல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க சார். எந்த சுவிட்சு?"

சொன்னார். மறுநாளும் சொன்னார். ஒரு வாரம் சொன்னார். பிறகு போன் வருவது நின்றுவிட்டது. என்ன என்று இறங்கிப் போய்ப் பார்த்தார், நானும் கூடப் போனேன். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஓர் அம்பு. அம்புக்குப் பின்னால் இரண்டே எழுத்து: "இது".

நோட்டீஸ் அப்படியே பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. சார் அம்பை ரொம்ப நேரம் பார்த்தார். போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு டேங்க் ஒருநாளும் வழியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் வாட்ச்மேன் தாத்தாவுக்கு நன்றி தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவர் மூன்றாம் மாடி மாமி, வழிமொழிந்தவன் நான். மினிட்ஸ் எழுதியது சார். அதிலும் எழுதியவர் பெயர் இல்லை.