கண்ணைக் கட்டிக் குடிக்கிற கலர்

ஏலே பேராண்டி, கேம்பிரிட்ஜுல இருந்துகிட்டு ஸ்பெக்ட்ரம்னு ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏலத்துல எடுத்திருக்கியாமே! ஒன் சேக்காளி கமடோர் 64 வச்சிருக்கானாம். எது ஒசத்தின்னு மல்லுக்கட்டி, கடைசியில பேரைச் சொல்லாம நாலு பேரை வெளையாட விட்டுத் தீர்ப்பு வாங்கப் போறியளாம். நல்ல புத்திதான். ஆனா ஒன் ஸ்பெக்ட்ரமைச் செய்யுறதை நிறுத்துனதே 1992ல. நீ பொறக்குறதுக்கு முன்னாலயே கட்டையில போனதுக்கு நீ எதுக்குலே கண்ணு கலங்குத?

தாத்தாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நெனைப்ப. வாத்தியார் வேலை பாத்தவன்லா நான். 1984-85ல சர்க்கார் ‘கிளாஸ்’னு ஒரு திட்டம் கொண்டாந்து பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ குடுத்துச்சு. ஒங்க ஊரு ஏகார்ன் கம்பெனிக்காரன் உருவாக்குன சரக்குதான். எங்களுக்கு விசிறி கெடையாது, அதுக்கு ஏசி ரூம். செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஆயுத பூசைக்குக் குங்குமம் வைக்கப் போன பியூன், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பொட்டு வைக்கவான்னு கேட்டாரு. தடுக்கதுக்குள்ள ‘ஏ’வுக்கு வச்சிட்டாரு.

சரி, புத்திமதிக்கு வாரேன். ஜெயிக்கணும்னா பதிலைப் பத்திக் கவலைப்படாத, கேள்விய நீ கேளு. பெப்சிக்காரன் 1975ல டல்லாஸ்ல அதைத்தான் செஞ்சான். ஒண்ணுல பெப்சி, ஒண்ணுல கோக்கு, பேரு தெரியாம ரெண்டு கிளாஸ், ஆளுக்கு ஒரு மடக்கு, எது ருசின்னு கேள்வி. பெப்சியில இனிப்பு ஒரு சிட்டிகை கூடுதல். ஒரு மடக்குக் குடிக்கவனுக்கு இனிப்புதான் முந்தித் தெரியும். முழு பாட்டிலையும் குடிச்சு முடிச்சவனுக்குத் திகட்டிருக்கும், ஆனா அவனை எவன் கேட்டான்? பொண்ணு பாக்கப் போன எடத்துல குடுத்த கேசரிய வச்சுச் சம்பந்தம் பேசி முடிச்ச கதைதான்.

அதே சூத்திரம் ஒனக்கும் இருக்கு. ஸ்பெக்ட்ரமுக்குள்ள இசட்80 சிப்பு, 3.5 மெகாஹெர்ட்ஸ். கமடோருக்கு ஒரு மெகாஹெர்ட்ஸே நொண்டியடிக்கும். ‘எதுக்கு நம்பர் பெருசு?’ன்னு மட்டும் கேளு, ஜெயிச்சிருவ. ரெண்டு சிப்பும் ஒரு துடிப்புல செய்யுற வேலை ஒண்ணில்லைங்கிறதை மட்டும் வாய் தவறிச் சொல்லிராத. ஒன் சேக்காளி வெவரமானவன்னா பாட்டைப் போடச் சொல்லுவான். அவங்கிட்ட இருக்கது சிட் சிப்பு, மூணு குரல்ல பாடும். ஒன் 48கே மிஷின்ல ஒத்த பீப்பர். அப்போ ஒனக்குத் திடீர்னு காது வலிக்கணும்.

இனி பேரை மறைக்க வித்தையைப் பாப்போம். திரையைக் காட்டுனா குட்டு வெளிப்பட்டுரும். ஸ்பெக்ட்ரம்ல எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள்ள ரெண்டு நெறந்தான் நிக்கும். பச்சைச் சட்டைக்காரன் செவப்பு மரத்துக்கு முன்னால போனான்னா அவனும் செவந்துருவான். சரி, கண்ணைக் கட்டுத. வெரலு சொல்லிரும், ரப்பர் பட்டன்லா. வெரலுக்கும் கையுறையா? வெளையாட்டை ஏத்துற டேப்பு சும்மா இருக்குமா? மொதல்ல ஒரே சீரா ஒரு ஊளை, பொறவு கரகரன்னு ஒரு இரைச்சல். பழகுன காதுக்காரன் அந்த ஊளையிலேயே தலைப்பு வந்துட்டு, சரக்கு இனிமேதான் வரும்னு சொல்லிருவான். வால்யூம் கொஞ்சம் கொறஞ்சா ‘டேப் லோடிங் எரர்’தான். எல்லாரும் சின்ன ஸ்குரூ டிரைவர வச்சு டேப் ஹெட்டைத் திருகித் திருகி ஆசாரி ஆனது அப்பதான்.

காதையும் அடைச்சிட்டன்னு வையி, மிச்சம் என்ன இருக்கு? காத்துக் கெடக்கது ஒண்ணுதான். 48கே நெறைய அஞ்சு நிமிசம் ஆகும். கமடோர்க்காரன் டிஸ்க்கு டிரைவுன்னு பெருமையடிப்பான், அந்த 1541 டிரைவு வினாடிக்கு முந்நூறு நானூறு பைட்டுதான் தள்ளும். காக்க வைக்கதுல அண்ணனும் தம்பியும் ஒண்ணுதான்னு தீர்ப்பெழுதிரு.

இன்னொரு கூத்து கேளு. அந்த பெப்சி சோதனை நடந்தப்போ அங்க மார்க்கெட்டிங் மொதலாளிமார்ல ஒருத்தரு ஜான் ஸ்கல்லி. 1983ல ஸ்டீவ் ஜாப்ஸ் அவரைக் கூட்டிட்டு வந்து ஆப்பிள்ல ஒக்கார வச்சாரு. மறு வருசம் ஜனவரியில மெக்கின்டாஷ் வந்துச்சு. ஜாப்ஸ் நெனைச்ச வெலை 1,995 டாலர். ஸ்கல்லி வெளம்பரச் செலவுக்குன்னு 500 டாலரை மேல ஏத்தி 2,495 ஆக்கிட்டாரு. பேரை மறைச்சுப் பேரெடுத்த மனுசன், பேருக்குன்னே 500 டாலர் வசூல் பண்ணுனாரு. வெளங்குதா?

அந்த மடக்குச் சோதனைய மெய்யுன்னு நம்புனவன் கோக்குக்காரன். ஏறத்தாழ 2 லட்சம் ருசிச் சோதனை நடத்தி, இனிப்பக் கூட்டி, 1985 ஏப்ரல் 23ல புதுக் கோக்கை எறக்குனான். ஒன் ஸ்பெக்ட்ரம் வெளிவந்ததும் மூணு வருசத்துக்கு முன்னால அதே ஏப்ரல் 23. சாதகம் பாக்கவன் பாத்துக்கிடட்டும். சனம் கொதிச்சுப் போச்சு. ஜூலையில பழசைத் திரும்பக் கொண்டாறோம்னு கையெடுத்துக் கும்பிட்டான். நாக்கு ஒண்ணு சொல்லிச்சு, நெஞ்சு வேறல்லா சொல்லிச்சு.

2004ல ஹூஸ்டன்ல விஞ்ஞானிக மண்டைக்குள்ள படம் பிடிச்சே பாத்துட்டாவ. பேரு தெரியாமக் குடிச்சா கோக்கும் பெப்சியும் பாதிக்குப் பாதி. கோக்குன்னு தெரிஞ்சு குடிச்சா மூளையில ஞாபகத்துக்கான எடமும் முழிச்சுக்கிடுது, வாயும் கோக்குப் பக்கம் சாயுது. ஆக, நாம குடிக்கதுல பாதி தண்ணி, பாதி பழைய நெனப்பு. இதுல ஏமாத்து ஒண்ணுமில்ல. நெனப்புக்கும் ருசி உண்டு. இல்லன்னா பொவண்டோ கலரை இத்தனை வருசமா எவன் தேடிப் போவான்?

அதனால சொல்லுதேன், பந்தயத்தை விட்டுரு. ஒத்த நிமிசம் வெளையாட விடாத, ஒரு ராத்திரி முழுக்க விடு. டேப்பு அஞ்சு நிமிசம் ஊளையிடட்டும், நடுவுல நின்னுபோய் எரர் வரட்டும், மறுபடியும் மொதல்ல இருந்து ஏத்தட்டும். அதுக்குப் பொறவும் எவன் எந்திரிச்சுப் போகாம ஒக்காந்திருக்கானோ, அவன் மிஷின்தான் ஒசத்தி.

ஒண்ணு மறந்துராத, மூடியத் தொறக்கும்போது பைய தொற. கீபோர்டுக்கு அடியில இருக்க ரிப்பன் வயசாகி அப்பளமாட்டம் நொறுங்கும். 1982ல 48கே மிஷின் 175 பவுண்டு. நீ எம்புட்டுக் குடுத்தன்னு நான் கேக்க மாட்டேன், ஒங்க அப்பனும் கேக்காம இருக்கணும்னா பில்லை ஒளிச்சு வையி. அலுத்துப்போயி என்னைக்காவது விக்கணும்னு தோணிச்சுன்னா மட்டும் பேரை மறைக்காத. பொட்டி, அட்டை, வானவில் கோடு எல்லாத்தையும் தொடச்சு நேரா காட்டு. கண்ணைத் தொறந்துகிட்டு வாரவன்தாம்லே கூடுதலாக் குடுப்பான்.