பம்பர் பளபளக்கு மருமோனே!

வா மருமோனே, வா. சாலைக் கம்போளம் வரைக்கும் வேர்த்து விறுவிறுத்து நடந்து வாரியே, காரு இன்னிக்கும் கெளம்பலையாக்கும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்ச கை காயுததுக்குள்ள கிழக்கேகோட்டை சிக்னல்ல முன்னால நின்ன வண்டியில கொண்டு முட்டினவன்லா நீ! முட்டினாலும் என்ன தாராள மனசுடே ஒனக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் துட்டு மிச்சம் பிடிச்சுக் குடுக்க ஒன்ன மாதிரி ஒருத்தன் இந்தத் திருவனந்தபுரத்துலயே கெடையாது.

சர்வேயர் வந்தாரு. பம்பர், பானெட்டு, ஹெட்லைட்டுன்னு நசுங்கினதை எல்லாம் காட்டின. டேஷ்போர்டுல ஏர்பேக் வெளக்கு அணையாம எரிஞ்சுதே, அதைச் சொன்னியா? “தானா அணையும் மாமா”ன்ன. வேலை திருப்தின்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்த. பெயிண்டு காஞ்சதும் நாகர்கோவில் கல்யாணத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போன. இடவப்பாதி மழை வந்துது. இப்ப ராத்திரி நிறுத்தினா காலையில பேட்டரி செத்துக் கெடக்கு. பம்பர் மட்டும் மொகம் பாக்கலாம் போல பளபளக்கு!

முட்டினா தகரம் மட்டும்தான் நசுங்கும்னு நெனைச்சிட்டியா? முன்பக்கத்துலதான் கிராஷ் சென்சாரு இருக்கு. ஹெட்லைட்டுக்கும் ஃபேனுக்கும் போற வயர்க்கட்டு அந்த வழியாத்தான் போவுது. தோலு உரிஞ்ச வயரு பாடியில ஒரசும், எர்த் போல்ட்டு லூசாவும், கனெக்டர் கீறும். அன்னிக்கி எல்லாம் எரியும். ஈரம் உள்ள போயி செம்பு பச்சை பூத்த பொறவுதான் ஒவ்வொண்ணா மொரண்டு பிடிக்கும்.

இப்பப் போயிக் கேட்டா கம்பெனிக்காரன் பாலிசியைப் பிரிச்சுக் காட்டுதான். தேய்மானமும் எலக்ட்ரிகல் பிரேக்டவுனும் எங்க கணக்குல வராதுன்னு அதுல இருக்கு. ரிப்பேர் முடியாம ஓட்டினதுல கூடின சேதம் ஓட்டினவன் பாடுன்னும் இருக்கு. போதாததுக்கு நீ ஊரு நடுங்குத ஹாரனு மாட்ட வயரை வெட்டி டேப்பு சுத்தி வச்சிருக்க. அவனுக்கு அது அல்வா. அவன் சரின்னாலும், சாதா பாலிசியில பேட்டரி, பிளாஸ்டிக், ஏர்பேக்குக்கு 50 சதவீதம் தேய்மானம்னு கழிப்பான்.

கோட்டையில மேத்தன் மணிக் கடியாரத்தைப் பாத்திருக்கேல்லா? அந்தத் தாடிக்காரன் கன்னத்துல மணிக்கொரு தரம் ரெண்டு கெடா முட்டுது. எப்ப முட்டிச்சுன்னு கோட்டைக்கே தெரியும். ஒன் வயரு எப்ப அறுந்துதுன்னு ஒனக்கே தெரியல. வழக்கே அதுலதான் நிக்கி.

இனி வண்டியைத் தொடாத. மெக்கானிக்கைக் கூட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழ உள்ள சாக்கெட்டுல ஸ்கேனரைப் போட்டு, என்னென்ன எரர் கோடு நிக்குன்னு தேதியோட, கிலோமீட்டரோட பிரிண்டு எடு. மொதல்ல பிரிண்டு, பொறவு அழிப்பு. மாத்திச் செஞ்சா சாட்சி போச்சு. அறுந்த எடத்தைக் கை வைக்க முன்ன படம் பிடி. வயரு அடிபட்ட எடத்துலதான் அறுந்திருக்குன்னு மெக்கானிக் கையால எழுதி வாங்கு. எல்லாத்தையும் வச்சு, சப்ளிமெண்டரி எஸ்டிமேட்டோட, மறுசர்வே வேணும்னு கம்பெனிக்கு எழுது. ஹாரன் வயரை மறைக்காத. பழைய பேட்டரியை இதோட சேத்து ஏத்திரலாம்னும் பாக்காத. அதுல மாசமும் வருஷமும் குத்தியிருக்கு.

சர்வேயர் ரிப்போர்ட்டுக்கு நகல் கேளு. அவரு எழுதினதே கடைசித் தீர்ப்பு இல்லன்னு நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் லாரி வழக்குல 2009-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. கம்பெனி கைவிரிச்சா, இல்ல ஒரு மாசமா வாயே தொறக்கலன்னா, கொச்சியில இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் இருக்காரு. 50 லட்சம் வரைக்கும் உள்ள வழக்கைக் கேப்பாரு; காசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். கம்பெனி கைவிரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போயிரணும். அதுவும் சரிப்படலன்னா வழுதக்காட்டுல நுகர்வோர் கமிஷன். அதுக்கு 2 வருஷக் கெடு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. நீ வாயால சொல்லுதை எல்லாம் நம்புததுக்கு ஒன்னப் பெத்த எங்க அக்கா ஒருத்திதான் இருக்கா. கொச்சிக்காரன் தேதி போட்ட காயிதம் கேப்பான்.