கடைசி வாங்குச் சிக்னல்காரர்

மலையகப் பாடசாலைகளில் பத்தாம் தரத்துக்கு மேலே எந்த வகுப்பை எட்டிப் பார்த்தாலும் இவர் ஒருவராவது இருப்பார். கடைசி வாங்கு, யன்னலோரம். படிப்பில் பின்தங்கியவர்கள்தான் கடைசி வாங்குக்குப் போவார்கள் என்பது பழைய காலத்துக் கணக்கு. இவர் அங்கே குடியேறியதற்குக் காரணம், எதிர்மலைக் கோபுரத்தின் சிக்னல் அந்த யன்னலில்தான் இரண்டு கோடு விழுகிறது. மழை இருட்டில் கரும்பலகையே தெரியாத காலையிலும் இவருடைய முகம் மட்டும் கீழிருந்து பிரகாசிக்கும். இவ்வளவு பணிவாகத் தலைகுனிந்து படிக்கும் பிள்ளையா என்று புதிதாக வந்த ஆசிரியர் இரண்டு நாள் மகிழ்ந்துபோவதும் உண்டு. போனை மறைத்து வைக்கும் இந்தக் கலையில் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இயற்கை ஒரு தனிச் சலுகை கொடுத்திருக்கிறது: சுவெட்டர். இயர்போன் வயர் அதற்குள் ஏறி, கைவழியே இறங்கி, உள்ளங்கையில் வந்து முடியும். கன்னத்தில் கைவைத்து யோசிப்பவர்போல உட்கார்ந்தால் போதும், பாட்டுக் கேட்கலாம். யாழ்ப்பாணத்துப் பையனுக்கு இது வாய்க்காது. அந்த வெயிலில் சுவெட்டரே காட்டிக்கொடுத்துவிடும்.

இவரைக் கண்டதும் காலம் கெட்டுப்போச்சு என்று பெருமூச்சு விடுவது வழக்கம். ஆனால் சிக்னல்காரர் தானாக முளைத்தவர் அல்லர். பெரியவர்கள் கூடிப் பயிற்சி கொடுத்து ஆளாக்கியவர். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நேற்றுவரை கையில் கண்டால் பறித்த போனை, இன்றுமுதல் இதுதான் பள்ளிக்கூடம் என்று சொல்லிக் கையில் கொடுத்தவர்கள் நாம்தான். லயத்துக்குள் சிக்னல் இல்லாதவர்கள் எந்தக் கல்லில் ஏறி நின்றால் வட்ஸ்அப் திறக்கும், எந்த வளைவில் வீடியோ நின்றுபோகும் என்று மலைமலையாய் அலைந்து கண்டுபிடித்தார்கள். புவியியல் பாடத்தில் இத்தனை களப்பணி அதற்கு முன்பு நடந்ததாகத் தெரியவில்லை. போன் வாங்கியதும் சும்மா நடந்துவிடவில்லை. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது. மாதத்துக்கு 25 ‘பேர்’, அதாவது 25 வேலைநாள், விழுந்தாலும் 25,000 ரூபாய். அதிலும் பிடிப்பது போகத்தான் கைக்கு வரும். அரைப் பேர் போட்ட நாட்களை எண்ணினால் இன்னும் குறையும். அந்தப் பணத்திலிருந்து வந்த போன் ஒன்றுக்கு மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்புகள். அதே ஆண்டு ஜூலையில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. போனுக்குள் இருந்த பள்ளிக்கூடம் வேலைநிறுத்தம் செய்தது. போன் மட்டும் அதில் சேரவில்லை. வாத்தியார் இல்லாத அந்த மாதங்களில் அது என்னென்ன கற்பித்திருக்கும் என்று கேட்பானேன்? 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது மறுபடியும் பாடங்கள் போனுக்குப் போயின. பிறகு ஒருநாள் பாடசாலை வழமைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து போன் குற்றப்பொருள். வீட்டுப்பாடம் மட்டும் இன்றைக்கும் பல வகுப்புகளில் வட்ஸ்அப் குழுவுக்குத்தான் வருகிறது!

இதற்காக வகுப்பில் போன் இருக்கட்டும் என்று சொல்லவில்லை. இருக்கக் கூடாது என்பதற்கே சான்று பலமாக இருக்கிறது. இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் 91 பாடசாலைகளை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, போன் தடைசெய்யப்பட்ட பிறகு பரீட்சைப் பெறுபேறு உயர்ந்ததாகக் கண்டது. அதில் கவனிக்க வேண்டியது, உயர்ந்தவர்கள் யார் என்பது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தடையால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பின்தங்கியவர்கள்தான் மேலே வந்தார்கள். கொழும்பில் போனில் கோட்டைவிட்ட பாடத்தை மாலை டியூசனில் பிடித்துக்கொள்ளலாம். டிக்கோயாவுக்கு மேலே, கடைசி பஸ் ஐந்து மணிக்குப் போய்விடும் ஒரு டிவிஷனில், காலையில் தவறவிட்ட நாற்பது நிமிடம் தவறியதுதான். சுவீடனில் இதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது பயன் எதுவும் தெரியவில்லையே என்று ஒருவர் குறுக்கிடலாம். உண்மைதான். தடை என்பது சுவரில் ஒட்டிய காகிதமா, நடைமுறையா என்பதைப் பொறுத்துப் பலன் மாறும் என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் சிக்னல்காரரின் சுவெட்டரை வெல்லக்கூடிய காகிதம் இன்னும் அச்சாகவில்லை.

பிடிபட்டால் அவர் சொல்லும் பதில் தயாராக இருக்கும். “சேர், அம்மா மலையில நிக்கிறாங்க. குளவி கிளவி கொட்டிட்டா எனக்குத்தான் கோல் வரும்.” சிரித்துத் தள்ள முடியாத வாதம்; கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே அடிக்கடி நடப்பது. ஆனாலும் கொட்டுப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகப்போவது கங்காணியும் கூட இருப்பவர்களும்தான். நெம்புகோல் தத்துவம் படித்துக்கொண்டிருக்கும் மகன் அல்ல. செய்தி அவருக்கு அதிபர் அலுவலகம் வழியாக ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும் போதும். வேறொரு பிள்ளையிடம் இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை அவர் வாய்திறந்து சொல்வதில்லை. அம்மா குவைத்தில், எஜமானி வீட்டில் போன் எப்போது கைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கோல் பதினொரு மணிக்கு வந்தால் பதினொரு மணிக்குத்தான் பேச வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளை யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு விலக்கு கொடுத்தால் சட்டம் இடிந்துவிடாது.

கணிதத்துக்கு ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலையில் யூடியூப் வாத்தியாரையும் வெளியே அனுப்பினால் எப்படி என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அந்த வாத்தியார் ஒரு போனில் வந்து, மேசைமேல் இருந்து, நாற்பது பேருக்கும் பாடம் நடத்தட்டும். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களும் அப்படியே வரட்டும். நாற்பது போனில் நாற்பது வாத்தியார் வந்தால் முப்பத்தெட்டுப் பேர் டிக்டொக் வாத்தியாராகத்தான் இருப்பார்கள். இல்லாத ஆசிரியரை நியமிக்க வேண்டிய கடமை அப்போதும் கல்வித் திணைக்களத்தின் தலையில்தான் இருக்கிறது. அதை ரீலோட் கார்ட்டில் தீர்க்க முடியாது.

ஆகவே சட்டம் சிக்னல்காரரை மட்டும் பிடிக்காமல், அவரைப் பழக்கியவர்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் வட்ஸ்அப் குழுவுக்கு வேலை குறையும். மூன்றாம் பாடவேளையில் யாருடைய பையிலிருந்து சினிமாப் பாட்டு ஒலிக்கிறது என்று தேடி, அது ஆசிரியருடைய கைப்பை என்று கண்டுபிடிக்கும் வகுப்புகளில் ஒழுக்கத்தைப் பற்றி யார் பேசுவது? காலையில் வாசலில் எல்லோருடைய போனும், ஆசிரியர்களுடையதும்தான், அதிபர் அறை அலுமாரிக்குப் போகட்டும். மணி அடித்ததும் திரும்பி வரட்டும். நம் சிக்னல்காரர் இதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். பட்டன் பாதி உதிர்ந்த பழைய நொக்கியா ஒன்றை அலுமாரிக்கு மரியாதையாகச் சமர்ப்பித்துவிட்டு, அசலைச் சுவெட்டருக்குள் கொண்டுபோவார். அதிபர் அந்த நம்பருக்கு ஒருமுறை கோல் எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அலுமாரி இருக்கும் அறையில் சிக்னல் இருந்தால்.