ரிப்போர்ட்டைத் தனியாகப் படிக்காதீர்கள்

குழந்தைகளின் மரபணுச் சோதனை பற்றிக் கொச்சி வட்டாரத் தமிழர்களின் கேள்விகள்

கே: மகனின் மரபணு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் ஆகும். அதுவரை கூகுளில் தேடலாமா? (களமசேரி)

ப: வேண்டாம். ஒரே நோய்ப் பெயருக்குள் லேசானதும் உண்டு, கடுமையானதும் உண்டு. சோதனைக்கு எழுதிக் கொடுத்த டாக்டரையே அழைத்துச் சீக்கிரம் நேரம் கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். ஒருவர் கேட்டுவந்து மற்றவருக்குச் சொல்லும்போது பாதி தொலைந்துவிடும்.

கே: டாக்டர் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். (மட்டாஞ்சேரி)

ப: மறுபடி போங்கள். புரிந்ததை உங்கள் வார்த்தையில் அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்துவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

கே: 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வந்திருக்கிறது. நோய் உண்டா, இல்லையா? (ஆலுவா)

ப: இரண்டையும் சொல்ல முடியாது. மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்; இது நடுவில் நிற்பது. பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதித்தால் சில சமயம் விடை கிடைக்கும். இதை மட்டும் நம்பிக் கருக்கலைப்பு போன்ற முடிவை எடுக்கவே கூடாது.

கே: மகனுக்கு டூஷேன் தசைச் சிதைவு. 'உன் பிறந்த வீட்டு ரத்தம்' என்கிறார் மாமியார். (களமசேரி)

ப: அடுத்த ஆலோசனைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும். இந்த நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். ஆனால் நோயுற்ற பையன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த மாற்றம் தாயிடம் இல்லாமல் புதிதாக உண்டானது. தாயிடம் இருந்தாலும் அது அவள் செய்த குற்றமல்ல. எந்த மரபணுவைக் கொடுப்பது என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. டாக்டர்களுக்கும் ஒன்று சொல்வேன். 'தாய்வழி' என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீர்கள். அந்த வார்த்தையோடு அந்தப் பெண் புகுந்த வீட்டில் காலம் முழுக்க வாழ வேண்டும்.

கே: மூத்த குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. என்ற தசை நலிவு நோய். அடுத்ததற்கும் வருமா? (பாலாரிவட்டம்)

ப: பெரும்பாலும் பெற்றோர் இருவருமே கேரியர்கள், அதாவது நோயில்லாமல் மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவர்கள். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 'ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றும் தப்பும்' என்ற கணக்கு செல்லாது. 2021-ல் கண்ணூர் மாவட்டத்துக் குழந்தை ஒன்றின் 18 கோடி ரூபாய் மருந்துக்கு ஊர் உலகமே பணம் அனுப்பியது. அதன் அக்காவுக்கும் இதே நோய்தான். கர்ப்பத்தின் பதினோராவது வாரத்திலிருந்தே கருவைச் சோதிக்கலாம். அரிய நோய்களுக்காகக் கேரள அரசு 2024-ல் தொடங்கிய 'கேர்' திட்டத்தைப் பற்றித் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் விசாரியுங்கள். மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

கே: பத்து வயது மகளிடம் அவள் நோயைச் சொல்லலாமா? (எடப்பள்ளி)

ப: சொல்லுங்கள். அவள் கேட்டதற்கு மட்டும், பொய்யில்லாமல்.

கே: குழந்தைக்குத் தலசீமியா, நான் கேரியர். தங்கைக்கு நிச்சயமாகிவிட்டது. 'கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்' என்கிறார் அப்பா. (மட்டாஞ்சேரி)

ப: தங்கையும் கேரியராக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கேரியர் நோயாளி அல்ல. மாப்பிள்ளை கேரியர் இல்லையென்றால் பிள்ளைகளுக்குக் கடுமையான தலசீமியா வராது. இருவருமே கேரியர் என்றாலும் முன்கூட்டித் தெரிந்தால் வழி உண்டு. யாரிடம் சொல்வது என்பதைத் தங்கை முடிவு செய்யட்டும், அவளிடம் மறைக்கும் உரிமை அப்பாவுக்கு இல்லை. இன்றைக்கே அவளுக்குப் போன் செய்யுங்கள்.